உள்ளதைச் சொல்லி விற்றவர்

வேலையில் நிலைத்திராத மகனைப்பற்றிப் பெற்றோர் வந்து முறையிடாத பங்கு ஏதும் இருக்குமென நாம் எண்ணவில்லை. “முதலில் இன்ஷூரன்ஸ் என்றான், பிறகு ஒரு கம்பெனிக்கு மெஷின் விற்கப் போனான், இப்போது ஏதோ பத்திரிகையில் இருக்கிறானாம். எதிலும் கால் ஊன்றமாட்டேன் என்கிறானே, சாமி!” என்பதே பெரும்பாலும் அம்முறையீட்டின் சாரம். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நிற்பவன் கரையேறமாட்டான் என்பது நம் குடும்பங்களில் ஊறிப்போன எண்ணம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும், அவ்வாறு அலைந்த கால்கள் சில வேளைகளில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைக் காண, அமெரிக்க வணிக வரலாற்றில் இடம்பெற்ற ஒரு மனிதரை இம்மாதம் நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். அவர் பெயர் ஜான் எமரி பவர்ஸ். விளம்பரம் எழுதுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களில் முதல்வர் என அத்துறையின் வரலாற்றை எழுதியோர் அவரைக் குறிப்பிடுவர்.

1837ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஒரு பண்ணையில் பிறந்தவர் பவர்ஸ். உழவை விட்டு வெளியேறி, இன்ஷூரன்ஸ் முகவர் ஆனார். வில்காக்ஸ் அண்டு கிப்ஸ் என்னும் தையல் இயந்திரத்தை விற்பதற்காகக் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ‘நேஷன்’ என்னும் வார இதழுக்குச் சந்தா சேர்க்கும் பணியிலும் இருந்தார். இவற்றுக்கு இடையே விளம்பர வாசகங்கள் எழுதிப் பழகினார்.

மேலெழுந்தவாரியாக நோக்கினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத தொழில்கள் இவை. சற்று ஊன்றி நோக்கினால், இம்மூன்றிலும் ஒரே பாடம் அடங்கியிருப்பதைக் காணலாம். இன்ஷூரன்ஸ் முகவர் விற்பது கண்ணால் காண முடியாத ஒன்று. தையல் இயந்திரமோ, கணவனும் மனைவியும் பல இரவுகள் கலந்து பேசிய பின்னரே வாங்கத் துணியும் விலையுயர்ந்த பொருள். சந்தா என்பது, இன்னும் அச்சாகாத இதழுக்கு இன்றே பணம் கேட்பது. மூன்றிலும் வாங்குகிறவர் முதலில் வாங்குவது விற்கிறவரின் வார்த்தையைத்தான். வார்த்தை பொய்த்தால் அடுத்த முறை அந்த வாசற்படி ஏற முடியாது. வீடு வீடாக ஏறி இறங்கிய ஒருவருக்கு இதைப் புத்தகம் சொல்லித் தரவேண்டிய தேவை இல்லை.

அந்நாளைய விளம்பரத்தின் நிலையையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். விளம்பர முகவர் என்று இருந்தோர் செய்தித்தாளில் இடத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றனர்; அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பது அவர்களுடைய கவலை அன்று. கடைக்காரரே ஏதோ எழுதிக் கொடுப்பார். அதே வாசகம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும். “இத்தகைய சரக்கு எங்கும் இல்லை, இத்தகைய விலை என்றும் இல்லை” என்பதே எல்லாருக்கும் பொதுவான பல்லவி. மோர் விற்கிறவள் தன் மோரைப் புளிப்பென்று சொல்வாளா என்று நம்மவர் கேட்பதுபோல், அந்நாட்டு மக்களும் விளம்பரத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினர்.

இந்நிலையில், நியூயார்க்கில் லார்ட் அண்டு டெய்லர் என்னும் துணிக்கடைக்காகப் பவர்ஸ் எழுதிய விளம்பரங்கள் பிலடெல்பியா நகரத்து ஜான் வானமேக்கரின் கண்ணில் பட்டன. வானமேக்கர் சாதாரண வணிகர் அல்லர். இரயில்வே நிறுவனத்தின் பழைய சரக்குக் கொட்டகையை வாங்கி, 1876இல் அதைப் பெருங்கடையாக மாற்றியவர். ஒரே விலை, பேரம் இல்லை. பொருள் பிடிக்காவிடில் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற ஏற்பாட்டை ஊரறியச் செய்தவர். பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த பக்தர்; ஞாயிறு மறைப்பள்ளி ஒன்றைப் பல்லாண்டு தம் கண்போல நடத்தியவர். அவர் 1880இல் பவர்ஸை அழைத்துத் தம் கடையின் விளம்பரங்களை எழுதும் பொறுப்பை ஒப்படைத்தார். அப்போது பவர்ஸுக்கு வயது 43. நம்மூரில் அந்த வயதில் மனிதர் மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுவார்; பவர்ஸோ தமக்கு ஏற்ற தொழிலை அப்போதுதான் கண்டடைந்தார்.

அவர் எழுதிய முறை எளிது. பெரிய எழுத்துகளில் கூவுவதில்லை; படங்கள் இல்லை; ஆச்சரியக்குறிகளின் ஊர்வலம் இல்லை. கடையில் இன்று என்ன வந்திருக்கிறது, எதற்கு உதவும், என்ன விலை, அதில் உள்ள குறை என்ன என்று, அயல்வீட்டார் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்லுவதுபோல் எழுதினார். வாசகம் நாள்தோறும் மாறிக்கொண்டே இருந்தது. மக்கள் செய்தியைப் படிப்பதுபோல் அதைப் படிக்கலாயினர்.

குறையையும் எழுதினார் என்றோம். அதற்கு இரு நிகழ்ச்சிகள் இன்றளவும் சொல்லப்படுகின்றன. மழைக்கு அணியும் மெல்லிய மேலங்கிகள் ஒரு பகுதியில் விற்காமல் தேங்கிக் கிடந்தன. அவற்றைப்பற்றி எழுதச் சென்ற பவர்ஸிடம், அப்பகுதியின் பொறுப்பாளர், “நமக்குள் இருக்கட்டும், அவை மட்கிப்போன சரக்கு, அதை எழுதிவிடாதீர்” என்றாராம். பவர்ஸ் அதையே எழுதினார்: மட்கிய மேலங்கிகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட விரும்புகிறோம் என்று. விளம்பரம் வந்த அன்று நண்பகலுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. மற்றொரு முறை கழுத்துப்பட்டைகள். அவை பார்வைக்கு இருக்கிற அளவு தரத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிற 25 சென்டுக்குப் போதுமானவை என்று எழுதினார். அவையும் நில்லாமல் விற்றன.

இதில் வியப்பு என்ன? மக்கள் மட்டமான சரக்கை விரும்பி வாங்கவில்லை. எந்த விலைக்கு எந்தத் தரம் கிடைக்கும் என்று அறிந்து வாங்கினார்கள். ஏழைக் குடும்பத் தலைவி ஒருத்தி, ஒரு மழைக்காலம் தாங்கினால் போதும் என்று தெரிந்தே மலிவான மேலங்கியை எடுக்கலாம். ஏமாற்றப்பட்டு எடுப்பது வேறு, அறிந்து எடுப்பது வேறு. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. குறையைச் சொல்லுகிற கடை, நாளைக்கு ஒன்றை நல்லது என்று சொன்னால், அதை நம்பலாம் அன்றோ?

சில ஆண்டுகளில் வானமேக்கர் கடையின் விற்பனை 40 இலட்சம் டாலரிலிருந்து 80 இலட்சம் டாலராக உயர்ந்தது என்பர். எனினும் அங்கே அமைதி நிலவவில்லை. தம் சரக்கின் குறை மறுநாள் செய்தித்தாளில் வருமோ என்று அஞ்சியபடி வேலை செய்வது எந்தப் பொறுப்பாளருக்கும் இனிக்காது. முதலாளியும் எழுத்தாளரும் தத்தம் கருத்தை விட்டுக்கொடாதவர்கள். பவர்ஸோ நாவில் தேன் தடவிப் பேசத் தெரியாதவர். 1883இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார் வானமேக்கர். 1884இல் மீண்டும் அழைத்துக்கொண்டார். 1886இல் இருவரும் முற்றாகப் பிரிந்தனர். நேர்மையாளர் இருவர் ஒரே கூரையின்கீழ் எப்போதும் ஒத்துப்போவர் என்பது நாவல் எழுதுவோரின் கற்பனை. பங்கு மன்றங்களைக் கண்ட நமக்கு இது புதிதன்று.

இவ்வாறு 49ஆம் வயதில் பவர்ஸ் மீண்டும் தெருவுக்கு வந்தார். இம்முறை வேறு வேலை தேடவில்லை. எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு அமராமல், அழைக்கிற வணிகர்க்கு எழுதிக் கொடுத்துக் கூலி பெறும் தனித்தொழிலை மேற்கொண்டார். நாள் ஒன்றுக்கு அவர் கேட்ட கூலி 100 டாலர். உழைப்பாளி ஒருவர் நாளுக்கு இரண்டு டாலர் பெற்றாலே நல்ல கூலி எனக் கருதப்பட்ட காலம் அது.

அக்காலத்து நிகழ்ச்சிகளுள் நம் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது பிட்ஸ்பர்க் நகரத்து உடைக்கடையின் கதை. அக்கடை கடனில் மூழ்கித் திவாலாகும் நிலையில் இருந்தது. உரிமையாளர்கள் பவர்ஸை அழைத்தனர். சமயோசிதமான ஒரு வாசகம், கடன்காரர் கண்ணில் மண்ணைத் தூவி இன்னும் சில மாதங்கள் இழுக்க ஒரு வழி என்றே எதிர்பார்த்திருப்பர். அவர் கணக்கைக் கேட்டறிந்த பின், தப்பிக்க ஒரே வழிதான் உண்டு, உள்ளதை ஊருக்குச் சொல்லிவிடுவோம் என்றார். மறுநாள் வந்த விளம்பரத்தின் பொருள் இதுதான்: நாங்கள் திவாலாகிவிட்டோம், இதைப் படித்ததும் கடன் கொடுத்தவர்கள் எங்கள் கழுத்தைப் பிடிக்க வருவார்கள், நீங்கள் நாளை வந்து வாங்கினால் அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இருக்கும், வராவிட்டால் கடையை மூடவேண்டியதுதான்.

கடன்பட்ட குடும்பத்தின் வேதனையை அறிந்தவர்களே இவ்வாசகத்தின் கனத்தை உணர்வர். கடனை மறைப்பதில் நாம் எவ்வளவு உழைக்கிறோம்! வாசலில் வெள்ளை அடிக்கிறோம். இருக்கிற கடனுக்கு மேல் கடன் வாங்கிச் சடங்கு நடத்துகிறோம். அக்கடைக்காரரோ தம் அவமானத்தைத் தாமே பணம் கொடுத்து அச்சிட்டார். அந்தத் தாளை அச்சுக்கு அனுப்பிய இரவில் அவர் கண் மூடியிருப்பாரா? மறுநாள் மக்கள் திரண்டு வந்து வாங்கினர். கடை பிழைத்தது.

பவர்ஸ் தம் தொழிலின் இரகசியத்தைச் சில சொற்களில் அடக்கிக் கூறியதுண்டு. முதலில் படிப்பவரின் கவனத்தைப் பெறவேண்டும். அடுத்து உண்மையையே பற்றி நிற்கவேண்டும். உண்மை வெளியே சொல்லத்தக்கதாக இல்லாவிடில், சொல்லத்தக்கதாகும்படி வியாபாரத்தைத் திருத்தவேண்டும் என்பதே அதன் கருத்து. மூன்றாவது கூற்றைக் கவனியுங்கள். எழுதுகிறவரின் வேலை இங்கே மேசையில் தொடங்கவில்லை, கிடங்கில் தொடங்குகிறது. தராசு சரியாக இருக்கிறதா, பழைய சரக்கு புதியதன் கீழே ஒளிந்திருக்கிறதா, சொன்ன நாளில் பொருள் போய்ச் சேர்கிறதா என்று பார்த்த பின்னரே பேனாவை எடுக்க முடியும். நாளுக்கு 100 டாலர் வாங்கியது எழுத்துக்கு மட்டுமன்று, இந்தத் தணிக்கைக்கும் சேர்த்துத்தான் என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் இவரைப் பீடத்தில் ஏற்ற நாம் விரும்பவில்லை. தனித்தொழிலில் அவர் எழுதிக் கொடுத்த வாடிக்கையாளர் வரிசையில் மர்பி வார்னிஷ் நிறுவனம் உண்டு. தோளில் பெரிய மீனைச் சுமந்த மனிதர் படத்தால் நம் வீடுகளிலும் அறிமுகமான ஸ்காட்ஸ் எமல்ஷன் உண்டு. பீச்சம் மாத்திரையும் உண்டு. மீனெண்ணெய் மருந்து இருக்கட்டும். பீச்சம் மாத்திரையைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பகுத்து ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட முடிவு என்ன? கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம், இவ்வளவே. பெட்டி ஒன்று ஒரு கினி பெறும் என்று புகழப்பட்டு, 13½ பென்சுக்கு விற்ற அந்த மாத்திரைகளில் அடங்கிய சரக்கின் மதிப்பு அரைப் பார்த்திங் அளவே. கினி பெறும் என்ற வாசகம் பவர்ஸ் எழுதியதன்று. அவருக்கு முன்பே வழங்கியது. ஆனால், கிடங்கைத் திறந்து பார்க்கச் சொன்னவர் இந்த மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தாரா என்ற கேள்வி நமக்கு எழத்தான் செய்கிறது. கூலிக்கு எழுதுகிற எவருக்கும் ஒரு நாள் இந்தப் பெட்டி வந்து சேரும்.

அவர் தோற்ற இடமும் ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் பிஸ்ஸல் என்னும் நிறுவனம் கம்பளம் பெருக்கும் கருவியைச் செய்து விற்றது. அதற்கு ஒரு சிறு பிரசுரம் எழுதித் தருமாறு பவர்ஸைக் கேட்டனர். அவரும் எழுதி அனுப்பினார். அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிளாட் ஹாப்கின்ஸ் என்னும் இளைஞர் அதைப் படித்துவிட்டு, இதை எழுதியவருக்கு இக்கருவியைப்பற்றி ஒன்றும் தெரியாது, வீடு பெருக்கும் பெண்களின் தொல்லையும் தெரியாது என்று துணிந்து கூறினார். தாமே வேறொன்று எழுதிக் காட்டினார். நிறுவனம் அதையே ஏற்றுக்கொண்டது. புகழ்பெற்ற மூத்தவரின் தாள் ஒதுக்கப்பட்டது. இந்த ஹாப்கின்ஸ் இளமையில் போதகராகும்படி வளர்க்கப்பட்டு, பதினேழு வயதிலேயே பிரசங்கம் செய்தவர். பிரசங்க மேடை ஒருவரை இழந்தது. விளம்பர உலகம் தன் பெரும் எழுத்தாளருள் ஒருவரைப் பெற்றது. இதில் நமக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று வாசகர்கள் கேட்கவேண்டாம். இந்நிகழ்ச்சியை ஹாப்கின்ஸே 1927இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். வெற்றி பெற்றவர் கூற்று என்பதால் சற்றே தள்ளுபடி செய்து ஏற்கலாம். ஆனால் அதன் உட்பொருள் ஏற்கத்தக்கதே: பொய் சொல்லாதிருந்தால் மட்டும் போதாது, பொருளையும் அறிந்திருக்கவேண்டும்.

இனி, 100 டாலர் கொடுக்க இயலாத சிறு கடைக்காரர் என்ன செய்வார்? ஆணி விற்பவர், செருப்பு விற்பவர், மூலையில் மளிகைக்கடை வைத்தவர்? 1888இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ‘பிரின்டர்ஸ் இங்க்’ என்னும் விளம்பரத் தொழில் இதழில், சார்லஸ் ஆஸ்டின் பேட்ஸ் என்பவர் ஒரு பகுதி எழுதிவந்தார். கடைக்காரர்கள் தம் விளம்பரங்களை அனுப்புவர். அவர் குற்றம் குறைகளை எடுத்துக்காட்டித் திருத்துவர். பெருநகரங்களை எட்டாத சிற்றூர்க் கடைக்காரர்க்கு அது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் எனலாம். அந்தப் பள்ளிக்கூடத்து மாணவர் ஒருவரைப்பற்றியே நாம் கடைசியாகச் சொல்லவேண்டும்.

இல்லினாய்ஸ் மாநிலத்துக் கேல்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் எர்னஸ்ட் எல்மோ கால்கின்ஸ். 1868இல் பிறந்தார். ஆறாம் வயதில் வந்த மணல்வாரி அம்மை அவர் செவிப்புலனைப் பறித்தது. வகுப்பில் ஆசிரியர் சொல்வது கேளாது. விளையாட்டில் தோழர் அழைப்பது கேளாது. நூல்களும் அச்செழுத்தும் அவருக்குத் தோழர்களாயின. அவ்வூர் நாக்ஸ் கல்லூரியில் 1891இல் பட்டம் பெற்றார். பத்திரிகை நிருபராகலாம் என்றால் கேட்டு எழுதவேண்டும். விற்பனையாளராகலாம் என்றால் வாடிக்கையாளரோடு உரையாடவேண்டும். கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. நியூயார்க் சென்று, இறைச்சிக்கடைக்காரர்களுக்கென வெளிவந்த ஒரு தொழில் இதழில் சிறிது காலம் இருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. தோற்றவராகச் சொந்த ஊருக்கே திரும்பினார். அவ்வாறு திரும்பி வரும் பிள்ளையைக் கடைத்தெரு எப்படிப் பார்க்கும் என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

அந்தக் கடைத்தெருவே அவருக்குக் கை கொடுத்தது. பேட்ஸின் பகுதியைத் தவறாமல் படித்துவந்த அவர், தம் ஊர்க் கடைக்காரர்களுக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். வணிகர் தெரிந்தவர், சரக்கு தெரிந்தது, வாங்குவோரும் அயலாரே. பொய் எழுதினால் மறுநாளே முகத்தில் விழிக்கவேண்டும். பெருநகரத்துப் பவர்ஸ் வலிந்து தேடிச் சென்ற உண்மை, சிற்றூரில் எழுதுபவருக்குத் தப்பிக்க முடியாத காவலாக நின்றது. செவிக்கு எட்டாததைக் கண்ணால் ஈடுசெய்து பழகியவராதலால், எழுத்து எப்படி அமைந்தால் கண் நிற்கும், வெற்றிடம் எவ்வளவு விடவேண்டும் என்பதில் அவருக்கு நுட்பமான பார்வை இருந்தது.

பவர்ஸின் தாளை ஒதுக்கிய அதே பிஸ்ஸல் நிறுவனம், தன் கம்பளக் கருவிக்குச் சிறந்த விளம்பரம் எழுதுவோருக்குப் போட்டி ஒன்று அறிவித்தது. உள்ளூர் இரும்புச் சாமான் கடைக்காகக் கால்கின்ஸ் எழுதிய வாசகம் பரிசு பெற்றது. நடுவராக இருந்தவர் பேட்ஸ்! பின்னர்ப் பியோரியா நகரத்துப் பெருங்கடை ஒன்று அவரை வேலைக்கு அமர்த்தியது. 1897இல் பேட்ஸே அவரை நியூயார்க்கிற்கு அழைத்துக்கொண்டார். 1902இல் ரால்ப் ஹோல்டன் என்பவரோடு சேர்ந்து சொந்த விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். கூட்டாளி வாடிக்கையாளரோடு பேசுவார். கால்கின்ஸ் எழுதுவார், வடிவமைப்பார். விளம்பரத்தில் நல்ல ஓவியருக்கும் அச்சுக்கலைக்கும் மதிப்பு வரச் செய்தோருள் அவர் முதன்மையானவர்.

1924இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது, இன்னும் உரக்கப் பேசுங்கள் என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். காது கேளாதவர் நாள்தோறும் பிறரிடம் வேண்டிக்கொள்ளும் சொற்கள் அவை. 1931இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று, தோற்றுத் திரும்பிய தம்மை ஏற்றுக்கொண்ட கேல்ஸ்பர்க் ஊரின் வரலாறு. 1937இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 69. அதற்குப் பின்னும் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, 1964இல் தமது 96ஆம் வயதில் அவர் மறைந்தார்.